பிரிஸ்கில்லாள் வீட்டுக் கூடம்

பைபிளில் பலரும் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போகிற பக்கம் ஒன்று உண்டு. ரோமர் நிருபம், 16-ம் அதிகாரம். உபதேசமெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது பெயர்ப் பட்டியல். அந்தக் காலத்து நீல நிற ஏர்மெயில் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? "பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டு மாமி எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று கடைசி மடிப்பு வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதுவார்களே, அச்சு அசல் அதே மாதிரி.

டிசம்பர் வந்தால் பெத்லகேம், மாட்டுத் தொழுவம், நட்சத்திரம் என்று கதையின் தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கப்புறம் என்ன நடந்தது? கலிலேயாவில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் தொடங்கிய ஒன்று, முந்நூறு வருஷத்துக்குள் ரோமப் பேரரசு முழுக்க எப்படிப் பரவியது? பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. எந்த மதத்து வாசகராக இருந்தாலும், வீட்டை விட்டு வெளிநாட்டில் வந்து குடியேறிய நமக்கு இந்த வரலாற்றில் பழகின முகங்கள் நிறையத் தெரியும். அதனால்தான் இந்தப் பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்குகிறேன்.

பவுல் இந்தக் கடிதத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57-ல், கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்திலிருந்து. அதுவரை அவர் ரோமைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே இருக்கிற 26 பேரை விசாரிக்கிறார். 24 பேரைப் பெயர் சொல்லி, மற்ற இருவரை இன்னாருடைய அம்மா, இன்னாருடைய சகோதரி என்று சொல்லி. இதில் ஒன்பது பேர் பெண்கள். பல பெயர்கள் அடிமைகளிடமும், விடுதலை பெற்ற அடிமைகளிடமும் புழங்கியவை. பெர்சியாள் என்று ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. ‘பாரசீகத்துக்காரி’ என்று அர்த்தம். எங்கேயோ பிறந்து, எங்கேயோ பெயர் வைக்கப்பட்டு, ரோமில் வந்து சேர்ந்திருக்கிறாள்.

போகாத ஊரில் இத்தனை பேரைத் தெரியும் என்றால் என்ன அர்த்தம்? அவர்களில் பலரையும் அவர் வேறு ஏதோ ஊரில் பார்த்துப் பழகியிருக்கிறார். அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள்.

ஒரு தம்பதி, பல ஊர்கள்

பட்டியலில் முதலில் வருவது ஒரு கணவன் மனைவி. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா. மனைவி பெயர்தான் முதலில். ஆக்கில்லா கருங்கடல் கரையில் இருந்த பொந்து மாகாணத்து யூதர், அதாவது இன்றைய துருக்கி. பிழைக்கப் போனது ரோமுக்கு. கி.பி. 49 வாக்கில் பேரரசர் கிலவுதியு யூதர்களை ரோமை விட்டு வெளியேறச் சொன்னார். மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் கொரிந்துக்கு வந்தார்கள். கூடாரம் செய்வது தொழில். கையில் தொழில் இருக்கிறவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான், இல்லையா?

அங்கே அவர்களிடம் வந்து சேர்ந்தவர் பவுல். அவருக்கும் அதே தொழில்தான். தர்சு என்ற ஊரில், அதுவும் இன்றைய தெற்குத் துருக்கிதான், பிறந்த யூதர். இயேசுவை உயிரோடு இருந்த காலத்தில் சந்திக்காதவர். முதலில் இந்தக் கூட்டத்தைத் துரத்தித் துரத்தித் தொல்லை கொடுத்து, பிறகு மனம் மாறியவர். அவர்கள் வீட்டிலேயே தங்கி, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். பிறகு தம்பதி எபேசுக்குக் குடிபோனார்கள். அங்கேயும் அவர்கள் வீட்டில் சபை கூடியது. ரோமர் கடிதம் எழுதும்போது பார்த்தால் மறுபடியும் ரோமில் இருக்கிறார்கள். கிலவுதியு இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அங்கேயும் அவர்கள் வீட்டில் சபை!

‘சபை’ என்று நாம் சொல்வதற்கு கிரேக்கத்தில் ‘எக்லேசியா’. கூடிய கூட்டம் என்று பொருள், கட்டடம் என்று பொருள் இல்லை. முதல் இருநூறு வருஷம் தனியாகக் கோயில் கட்டினதாகவே தெரியவில்லை. யாராவது ஒருத்தர் வீட்டுக் கூடம், ஒரு பட்டறை, ஒரு மாடி அறை, அவ்வளவுதான். வெளிநாட்டில் முதல் தமிழ்ப் பள்ளியும் முதல் பஜனையும் யாரோ ஒருத்தர் வீட்டு பேஸ்மென்ட்டில் தொடங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

பிள்ளைகளுக்கு மறந்துபோன மொழி

இவர்கள் போன இடமெல்லாம் முன்னாடியே யூதர்கள் குடியேறியிருந்தார்கள். அலெக்சாந்திரியா, அந்தியோகியா, ரோம், சின்ன ஆசியா முழுக்க ஜெப ஆலயங்கள் இருந்தன. நம்மைப் பற்றி இன்று பேசும்போது ‘டயஸ்போரா’ என்கிறோமே, அந்தக் கிரேக்கச் சொல் யூதர்களின் சிதறலைக் குறிக்கப் பயன்பட்ட சொல்தான். எகிப்தில் குடியேறிய யூதர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எபிரேயம் கைவிட்டுப் போனது. அதனால் கி.மு. 3-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். செப்துவஜிந்த், அதாவது எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதற்குப் பெயர். பெற்றோருக்கு அது ஒரு நஷ்டமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் முந்நூறு வருஷம் கழித்து, கிரேக்கம் தெரிந்த எவரிடமும் வேதத்தைத் திறந்து காட்ட முடிந்தது என்றால் அந்த மொழிபெயர்ப்பால்தான். யூதர் அல்லாதவர்களும் ஆர்வத்தோடு ஜெப ஆலயங்களுக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பிலிப்பி நகரத்தில் இரத்தாம்பரத் துணி விற்ற லீதியாள் அப்படிப்பட்ட ஒருத்தி. அவளும் அந்த ஊர்க்காரி இல்லை, தியத்தீராவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவள்.

இயேசு பேசியது அரமேயம். புதிய ஏற்பாடு முழுவதும் இருப்பது கிரேக்கத்தில். நிறுவனர் பேசிய மொழியிலேயே அவருடைய வார்த்தைகள் நமக்குக் கிடைக்கவில்லை, மொழிபெயர்ப்பாகத்தான் கிடைத்திருக்கின்றன. ஆனால் சில சொற்கள் மட்டும் மொழிமாற்றத்துக்கு மசியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. செத்துக் கிடந்த சிறுமியிடம் சொன்ன ‘தலீத்தாகூமி’ ஒன்று. இன்னொன்று ‘அப்பா’. ஆமாம், அரமேயத்திலும் தகப்பனை அழைக்கிற சொல் அப்பாதான். நம் மொழிக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஒலி ஒத்துப்போனது தற்செயல். கலாத்தியருக்கும் ரோமருக்கும் கிரேக்கத்தில் எழுதுகிற பவுல் அந்த இடம் வந்ததும் அரமேயச் சொல்லையே போட்டு, பக்கத்தில் கிரேக்கத்தில் பொருளும் சொல்கிறார். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கனவு காணும் நம் பிள்ளைகள்கூட அடிபட்டால் ‘அம்மா’ என்றுதானே கத்துகிறார்கள். அந்த மாதிரி.

அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டுச் சண்டை

எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? புலம்பெயர்ந்த எந்த வீட்டிலும் ஓயாத கேள்வி. இந்தக் கூட்டம் கிட்டத்தட்ட உடைந்ததும் இந்தக் கேள்வியில்தான்.

அந்தியோகியா அன்றைக்குப் பேரரசின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. இன்றைய துருக்கியின் அந்தாக்கியா, 2023 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன அதே ஊர். ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் முதலில் வழங்கியது இங்கேதான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பெரும்பாலும் வெளியாட்கள் வைத்த பெயராக இருக்கும், நம் ஊரில் ஒரு காலத்தில் அக்கம்பக்கத்தார் ‘வேதக்காரர்’ என்று சொன்ன மாதிரி. யூதர்களும் யூதர் அல்லாதவர்களும் ஒரே மேஜையில் சாப்பிட்டது இந்த ஊரில்தான்.

யூதர் அல்லாதவர் சேர வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா? உணவு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டுமா? கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அடையாளத்தை ஒரே நாளில் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிப் பேசினார்கள். பேதுரு, இயேசுவின் சகோதரர் யாக்கோபு, பவுல், பர்னபா எல்லாரும் இருந்தார்கள். விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று முடிவாயிற்று.

தீர்மானம் போடுவது சுலபம், இலை போட்டுப் பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டம். அந்தியோகியாவுக்கு வந்த பேதுரு முதலில் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து தனியாகப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் போனார்கள். பர்னபாகூடப் போனார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை நேருக்கு நேர் கேட்டுவிட்டார். இதை பவுலே கலாத்தியருக்கு எழுதுகிறார். பேதுரு என்ன பதில் சொன்னார், யார் பக்கம் ஜெயித்தது என்று மட்டும் எழுதவில்லை.

யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது நமக்குப் புதிய கேள்வியா என்ன? இந்த நிருபத்தைத் தமிழில் வாசித்தவர்களே திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் ஒரு கோவில் கட்டினார்கள். ஒரே பீடம், சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள், நடுவில் சுவர். அந்தச் சுவர் இடிக்கப்பட்டது 1910-ல். இடித்ததை எதிர்த்து வழக்கு, சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தியோகியாவில் பேதுரு எழுந்து போன மேஜை அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஊருக்கு அனுப்பிய பணம்

எருசலேம் கூட்டத்தில் பவுலிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள் என்று அவர் எழுதுகிறார்: ஏழைகளை மறந்துவிடாதீர்கள். அவர் மறக்கவில்லை. கலாத்தியா, மக்கெதோனியா, கொரிந்து என்று ஊர் ஊராக எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்ப எடுத்து வைத்துவிடுங்கள், நான் வந்த பிறகு வசூல் என்று அலையக்கூடாது என்று கண்டிப்பாக எழுதுகிறார். பணத்தை அவர் கையில் மட்டும் கொடுத்து அனுப்பவும் இல்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் கூடப் போக வேண்டும் என்று ஏற்பாடு. கணக்கு வழக்கில் பேச்சு வந்துவிடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கு நிதி திரட்டி அனுப்பும் எந்தச் சங்கத்துச் செயலாளரும் இதைப் படித்தால் தலையாட்டுவார்.

கடிதங்கள் எப்படிப் போயின? அரசாங்கத் தபால் அதிகாரிகளுக்கு மட்டும்தான். சாதாரண ஜனங்களுக்கு, அந்தப் பக்கம் யார் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்து அனுப்புவதுதான் வழி. ரோமர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. கொண்டு போனவர் பெரும்பாலும் பெபேயாள், கொரிந்தின் துறைமுகமான கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி, பலருக்கும் உதவி செய்த வசதியான பெண். நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாத காலம். கடிதத்தைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு விளக்க வேண்டும். இறையியல் கல்லூரிகளில் இன்றைக்கும் வரிக்கு வரி ஆராய்கிற அந்தக் கடிதம் ஒரு பெண்ணின் பயணப் பையில்தான் கடல் தாண்டியிருக்கிறது.

கூட்டு வட்டிக் கணக்கு

எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டார். கி.பி. 40-ல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு 40 சதவீதம் வளர்ச்சி. கி.பி. 100-ல் ஏழாயிரத்து ஐந்நூறு. 200-ல் இரண்டு லட்சத்துச் சொச்சம். 300-ல் அறுபது லட்சத்தைத் தாண்டிவிடும். ஆறு கோடி மக்கள் இருந்த பேரரசில் பத்தில் ஒருவர். தொடக்க எண்ணிக்கை பற்றி அறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது. ஆனால் கணக்கு சொல்லும் விஷயம் முக்கியம். பெரிய அற்புதமோ, கூட்டம் கூட்டமாக மதமாற்றமோ இல்லாமலேயே இது நடந்திருக்க முடியும். வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பேர். அண்டை வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், மருமகள், அடிமைப் பெண்.

அடிமைப் பெண் என்று சும்மா சொல்லவில்லை. கி.பி. 112 வாக்கில் கருங்கடல் பக்கம், ஆக்கில்லாவின் சொந்த மாகாணத்தில், ரோம ஆளுநராக இருந்தவர் பிளினி. இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வம் போலப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், வாக்கு மீற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று விவரிக்கிறார். உண்மையைக் கறக்க இரண்டு பேரைச் சித்திரவதை செய்ததாகவும் சாதாரணமாக எழுதுகிறார். இருவரும் அடிமைப் பெண்கள், சபையில் ஊழியம் செய்தவர்கள். அவர்கள் பெயரை பிளினி குறிக்கவில்லை. சந்தையில் விலைக்கு வாங்கப்பட்ட ஒருத்தி விடியற்காலையில் ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே அவளுக்குப் பொறுப்பும் மரியாதையும் இருந்தது. பரவியதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

3-ம் நூற்றாண்டின் நடுவில் பேரரசைக் கொள்ளைநோய் உலுக்கியது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு, மற்றவர்கள் நோயாளிகளைத் தெருவில் விட்டு ஓடியபோது தம் ஆட்கள் கூட இருந்து பார்த்துக்கொண்டு, அதிலேயே பலர் செத்தும் போனதாக எழுதுகிறார். தன் கூட்டத்தைப் பற்றித் தானே சொல்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் காய்ச்சலில் கிடப்பவனுக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க ஆள் இருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒரே நதி, இரண்டு காட்சிகள்

சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்பஸ் என்று ஒரு எல்லை நகரம். கி.பி. 240 வாக்கில் அங்கே ஒரு சாதாரண வீட்டில், இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். இன்னொரு சின்ன அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் நல்ல மேய்ப்பர், நீர்மேல் நடக்கும் இயேசு என்று படங்கள். அதே வீதியில், கொஞ்ச தூரத்தில், மோசேயின் கதையைச் சுவர் முழுக்க வரைந்த யூத ஜெப ஆலயம். கி.பி. 256-ல் பாரசீகப் படை நகரத்தைப் பிடித்தது. முற்றுகையைத் தாங்க மதிலோரக் கட்டடங்களில் மண்ணை நிரப்பியிருந்ததால் இரண்டும் பிழைத்து, 1930-களில் அகழாய்வில் வெளியே வந்தன. வீட்டுச் சபையின் ஓவியங்கள் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின, ஜெப ஆலயத்தின் ஓவியங்கள் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்துக்கு.

அதற்கப்புறம் காட்சி வேகமாக மாறியது. 313-ல் கான்ஸ்டன்டைன் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார். 325-ல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடினார்கள். 380-ல் தியோடோசியு காலத்தில் அரச மதமே இதுதான் என்றாயிற்று. விடியற்காலையில் பயந்து பயந்து கூடியவர்களின் கொள்ளுப் பேரன்கள் கையில் அதிகாரம்.

388-ல், அதே யூப்ரடீஸ் கரையில், இன்று ராக்கா என்று சொல்லப்படும் கல்லினிகம் ஊரில், கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதர்களின் ஜெப ஆலயத்தை எரித்தது. உள்ளூர் ஆயரே தூண்டியதாகப் புகார். திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று பேரரசர் உத்தரவு போட்டார், சரியான உத்தரவு. மிலான் ஆயர் அம்புரோசு அதை எதிர்த்துக் கடிதம் எழுதி, கோயிலில் வைத்தும் நெருக்கி, உத்தரவைத் திரும்ப வாங்க வைத்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள், பவுல், பேதுரு எல்லாரும் எந்த ஜனத்தைச் சேர்ந்தவர்களோ, அந்த ஜனத்தின் தொழுகைக்கூடம் அது.

இருக்கிற நாட்டில் நாம் சிறுபான்மை. உரிமை, மரியாதை, பக்கத்தில் உட்கார ஓர் இடம் எல்லாம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஊரில் நம்மில் பலர் பெரும்பான்மை, அல்லது யாரோ ஒருத்தரைவிடப் பெரிய கை. இங்கே கேட்பதை அங்கே கொடுக்கிறோமா? இந்த முதல் முந்நூறு வருஷத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கேள்வி இதுதான். துராவில் ஒரு சுவரை இடித்துப் பத்துப் பேருக்கு இடம் செய்தவர்களுக்கும், கல்லினிகத்தில் தீ வைத்தவர்களுக்கும் இடையே 150 வருஷம்கூட இல்லை. வாசித்த புத்தகம் ஒன்றேதான்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறவர்கள் விடுமுறையில் நியூ ஹேவன் பக்கம் போனால் யேல் கலைக்கூடத்தில் துராவுக்கான பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

இந்தக் கதைக்குக் கிழக்குப் பக்கம் ஒன்று இருக்கிறது. சிரியாக் மொழி பேசியவர்கள், பாரசீகம் வழியாக மிளகுக் கரைக்கு வந்தவர்கள், தோமாவைப் பற்றிய மரபு, 6-ம் நூற்றாண்டில் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாக எழுதிவைத்த காஸ்மாஸ் என்ற வணிகர். அது அடுத்த மாதம்.